எல்லினியாக் கப்பலுக்குக் காத்திருந்த தலைமுறை

மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் பொதுவான சேவையாக 2005ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மேப்பிள்ஸ்டோரி சீ என்னும் இணையவழிப் பாத்திர விளையாட்டு இன்றும் இயங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனாலும் அதைப் பள்ளிப் பருவத்தில் ஆடித் தீர்த்த தலைமுறையினர் அதைப் பற்றிப் பேசும்போது, மறைந்துபோன ஒன்றைப் பற்றிப் பேசுவதுபோல இறந்த காலத்திலேயே பேசுகின்றனர். இணையவழிப் பாத்திர விளையாட்டு என்பது, ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் நுழைந்து, தத்தமக்கென ஒரு பாத்திரத்தை உருவாக்கி, அதைப் பல மாதங்கள், பல ஆண்டுகள் வளர்த்தெடுக்கும் பொது உலகம். ஆடுபவர் கணினியை அணைத்த பிறகும் அவ்வுலகம் இயங்கிக்கொண்டே இருக்கும். மூடப்பட்டுவிட்ட ஓர் உலகுக்காக ஏங்குவது எளிதில் விளங்கக்கூடியது. திறந்தே இருக்கும் உலகுக்காக, அதற்குள் நுழையும் கடவுச்சொல்லைக் கையில் வைத்துக்கொண்டே ஏங்குவதும், அந்த ஏக்கத்தைத் தீர்க்க வேறொரு விளையாட்டைத் தேடி அலைவதும் ஏன் என்பதே இங்கு ஆராயப்படுவது.

இதை ஆராய்வதற்குப் பாரோயைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. நெகிரி செம்பிலான் மாநிலத் தலைநகரான சிரம்பானிலிருந்து கோலப் பிலாவை நோக்கிச் செல்லும் சாலையில் அமைந்துள்ள பாரோய், துவாங்கு அப்துல் ரஹ்மான் விளையாட்டரங்கத்தால் நாடெங்கும் அறியப்பட்ட புறநகர்ப் பகுதி. மாநிலக் காற்பந்து அணி 2009லும் 2011லும் மலேசியக் கிண்ணத்தை வென்றபோது இவ்வரங்கின் பெயர் எல்லா வீடுகளிலும் ஒலித்தது. முதலில் காப்பியும் பின்னர் ரப்பரும் பயிரிடப்பட்ட இம்மாநிலத்தின் தோட்டங்களில், பால்மரம் சீவிய தமிழ்க் குடும்பங்கள் மூன்று நான்கு தலைமுறைகளாக லயங்கள் எனப்பட்ட வரிசைக் குடியிருப்புகளில் வாழ்ந்தன. பால்மரம் செம்பனைக்கு இடம்விட்டதும், செம்பனைத் தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களுக்கு இடம்விட்டதும், அக்குடும்பங்களின் பிள்ளைகள் தாமான்கள் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தனர். சிரம்பான் வட்டாரத்தின் ஏனைய தாமான்களைப் போலவே பாரோயும் இத்தகைய குடிபெயர்வின் முடிவிடங்களுள் ஒன்று. தோட்டத்தில் கோயிலும் திடலும் ஆயா கொட்டகையும் கூப்பிடு தூரத்தில் இருந்தன. தாமானில் வீடுகள் நெருங்கி நின்றாலும், பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் ஒன்றுகூடும் இடம் எது என்பதை எந்த வரைபடமும் குறித்து வைக்கவில்லை.

அந்த இடைவெளியைச் சில ஆண்டுகளுக்கு நிரப்பியவை சைபர் கஃபேக்கள். மலேசிய இளைஞர் வழக்கில் 'சிசி' என்றே சுருக்கப்பட்ட அக்கடைகள், 2001இல் அறிமுகமான ஸ்ட்ரீமிக்ஸ் அகலப்பட்டைச் சேவை எல்லா வீடுகளையும் எட்டுவதற்கு முன்பே, கடைவீடுகளின் மாடிகளில் வரிசை வரிசையாகக் கணினிகளை நிறுத்தி, ஓரிரு ரிங்கிட்டுக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில் இணையத்தை விற்றன. தோட்டத்தில் எஞ்சியிருந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கோ பட்டணத்துக்குப் பேருந்தேறி வந்தால்தான் அது கிட்டியது. பெண்பிள்ளைகள் அங்கு செல்வதைப் பெற்றோர் பெரும்பாலும் விரும்பவில்லை என்பதால், இத்தலைமுறையின் பெண் ஆட்டக்காரர்களில் பலர் அண்ணனுக்கென வாங்கப்பட்ட வீட்டுக் கணினியில், அண்ணன் இல்லாத நேரத்தில் ஆடக் கற்றவர்கள். சிசியின் கதையையே விளையாட்டின் முழுக் கதையாகச் சொல்லும் நினைவுக் குறிப்புகளில் இவர்கள் விடுபட்டுப்போவது வழக்கமாகிவிட்டது; மாற்று விளையாட்டு தேடும் பேச்சிலும் அதே விடுபாடு தொடர்கிறது.

மேப்பிள்ஸ்டோரியை உருவாக்கியது தென்கொரியாவின் விசெட் நிறுவனம். 2003இல் கொரியாவில் வெளியான அவ்விளையாட்டை அடுத்த ஆண்டே நெக்ஸான் நிறுவனம் தன்வயப்படுத்திக்கொண்டது. தென்கிழக்காசியச் சேவையை ஏற்று நடத்தியது ஏசியாசாஃப்ட். பெரும்பாலான விளையாட்டுகள் முப்பரிமாணக் காட்சிகளுக்குத் தாவிக்கொண்டிருந்த காலத்தில், பக்கவாட்டில் நகரும் தட்டையான ஓவிய உலகைத் தேர்ந்தெடுத்ததால், பழைய, திறன் குறைந்த சிசிக் கணினிகளிலும் அது தடையின்றி ஓடியது. விளையாட்டை இறக்கவும் ஆடவும் கட்டணம் இல்லை, அலங்கார உடை போன்றவற்றுக்கு மட்டுமே முன்பணம் செலுத்திய அட்டை தேவைப்பட்டது. இவ்விரண்டு காரணங்களையும் தவிர்த்துவிட்டு, தோட்டப்புறப் பிள்ளைகளிடம் அது ஏன் அவ்வளவு விரைவாகப் பரவியது என்பதை விளக்க முடியாது. நத்தையையும் காளானையும் அடித்துத் தொடங்கும் பாத்திரம், 10ஆம் நிலையில் வீரராகவோ வில்லாளராகவோ கள்வராகவோ முதற்பணியை ஏற்கும். மந்திரவாதிக்கு மட்டும் 8ஆம் நிலையே போதும். அடுத்த பணி உயர்வுகள் 30, 70, 120 ஆகிய நிலைகளில் வந்தன. உச்ச நிலை 200. சொல்லும்போது சிறிதாகத் தோன்றும் இவ்வெண்களுக்கு இடைப்பட்ட தூரம், அன்றைய விதிகளின்படி, பள்ளி விடுமுறைகளால் அளக்கப்பட வேண்டியதாக இருந்தது.

அக்காலத்து மேப்பிளைப் பற்றிப் பேசும் எவரும் கெர்னிங் நகரக் குழுப்பணியைத் தொடாமல் நகர்வதில்லை. குழுப்பணி என்பது தனியொருவரால் முடிக்கவே இயலாதவாறு அமைக்கப்பட்ட சோதனைத் தொடர். 21 முதல் 30 வரையிலான நிலைகளில் உள்ள நால்வர் மட்டுமே இதில் சேரலாம். விளையாட்டுலகின் ஒரேமாதிரியான நகல்களான 'சேனல்' ஒவ்வொன்றிலும் ஒரு நேரத்தில் ஒரு குழு மட்டுமே உள்ளே இருக்க முடியும். ஆகவே முந்தைய குழு வெளியேறும் நொடியைக் கணித்து, லாக்கெலிஸ் என்ற பாத்திரத்தின் மீது முதலில் சொடுக்குபவரின் குழுவே உள்ளே செல்லும். மற்றவை மீண்டும் காத்திருக்கும். உள்ளே நான்கு கயிறுகளில் எந்த மூன்றில் மூவர் தொங்க வேண்டும், ஐந்து மேடைகளில் எந்த மூன்றில் நிற்க வேண்டும், ஆறு பீப்பாய்களில் எந்த மூன்றில் ஏற வேண்டும் என்பதை ஆட்டக்காரர்களே கண்டுபிடிக்க வேண்டும். கணக்கிட்டுப் பார்த்தால் முறையே 4, 10, 20 வழிகள். ஐந்தாம் படிவத்தில் கூடுதல் கணித ஆசிரியர் சேர்மானத்தைப் பாடமாக நடத்தும் முன்னரே, அடுத்து யார் எந்தப் பீப்பாய்க்கு மாறினால் எல்லா வழிகளும் விடுபடாமல் வரும் என்ற வரிசை முறை ஒன்று இப்பிள்ளைகளிடம் வாய்மொழியாகவே புழங்கியது. ஒருவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாலும் மற்ற மூவரும் நின்றுவிட வேண்டும். பெயரும் ஊரும் அறியாத ஜொகூர்ப் பையனோ சிங்கப்பூர் மாணவியோ பாரோய்ச் சிறுவனின் கவனக்குறைவால் தோற்கக்கூடும் என்ற அந்தப் பிணைப்பே பழக்கத்தை உண்டாக்கியது. நன்றாக ஆடியவரை நண்பர் பட்டியலில் சேர்ப்பது அதன் இயல்பான விளைவு.

குழுப்பணிக்கு அடுத்தபடியாக நினைவில் தங்கியது, வியப்புக்குரிய வகையில், எதுவுமே நடவாத ஒரு பயணம். விக்டோரியா தீவின் காட்டு நகரான எல்லினியாவிலிருந்து வானில் மிதக்கும் ஓர்பிஸ் நகரத்துக்குச் செல்லும் கப்பல் 15 நிமிடங்களுக்கு ஒருமுறையே புறப்படும். பயணச்சீட்டு வாங்கி, மேடையில் நின்று, ஏறிய பின்னும் சுமார் 10 நிமிடங்கள் கப்பலிலேயே கழிக்க வேண்டும். இடையில் சில வேளைகளில் செந்நிறப் பால்ரோக் என்னும் அரக்கர்கள் கப்பலைத் தாக்குவதும், அறைக்குள் ஒளியத் தெரியாத புதியவர்கள் மாண்டு, ஈட்டிய அனுபவப் புள்ளிகளில் ஒரு பங்கை இழந்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்புவதும் உண்டு. ஒரு மணி நேரத்துக்கு மட்டுமே காசு வைத்திருக்கும் சிசிச் சிறுவனுக்கு இது பெரும் செலவு. ஆயினும் அடிப்பதற்கு எதுவும் இல்லாத அந்த நிமிடங்களில்தான் விரல்கள் உரையாடலுக்கு விடுதலை பெற்றன: எந்தப் பள்ளி, எந்த ஊர், இன்றைக்கு மழையா, எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போக வேண்டும். இப்பயணத்தை வடிவமைத்தவர்கள் உரையாடலை வளர்க்கவே காத்திருப்பை வைத்தார்கள் என்று கொள்வது மிகைப்படுத்தலாகலாம். உலகம் பெரிது என்று தோன்றச் செய்வதற்கான எளிய உத்தியாகவே அது இருந்திருக்கக்கூடும். விளைவு மட்டும் உத்தியை விடப் பெரியது.

வணிகமும் அவ்வாறே முகமறிந்து நடந்தது. பொருளைத் தேடிக் கண்டுபிடித்துத் தரும் ஏல முறை எதுவும் தொடக்கத்தில் இல்லாததால், 'ஃப்ரீ மார்க்கெட்' என்னும் அறைகளில் கடை விரித்தவர்களிடம் ஒவ்வொன்றாக நுழைந்து, விலை கேட்டு, பேரம் பேசி, வர்த்தகச் சாளரத்தில் இருவரும் பொருளையும் பணத்தையும் வைத்த பிறகே கைமாற்றம் நிகழும். கடைசி நொடியில் ஒத்த தோற்றமுள்ள மலிவுப் பொருளை மாற்றி வைக்கும் ஏமாற்றும் அங்கு இருந்தது. ஏமாந்தவர் ஏமாற்றியவரின் பெயரைச் சேனல் சேனலாகச் சென்று அறிவிப்பார். பாத்திரத்தின் பெயரை மாற்றுவது எளிதன்று என்பதால் கெட்ட பெயருக்கு நீண்ட ஆயுள் இருந்தது.

விளையாட்டு ஆய்வாளர்களான கான்ஸ்டன்ஸ் ஸ்டைன்கூலரும் டிமிட்ரி வில்லியம்ஸும் 2006இல் வெளியிட்ட கட்டுரையில், இத்தகைய உலகங்களைச் சமூகவியலாளர் ரே ஓல்டன்பர்க் 1989இல் விளக்கிய 'மூன்றாம் இடம்' என்ற கருத்தோடு இணைத்தனர். வீடு முதல் இடம், பணியிடம் இரண்டாம் இடம். இவ்விரண்டுக்கும் வெளியே, எவரும் எவரையும் அழைக்காமலேயே வந்து கூடும் தேநீர்க் கடை, முடிதிருத்தகம் போன்றவை மூன்றாம் இடம். அங்கு ஒருவரின் பதவியும் வருமானமும் வாசலிலேயே நின்றுவிடும். அவ்வாய்வாளர்கள் மேலும் சுட்டியது, இவ்வுலகங்கள் நெருங்கிய உறவை ஆழப்படுத்துவதைவிட, வேறுபட்ட பின்புலத்தினரிடையே பாலம் அமைப்பதையே சிறப்பாகச் செய்கின்றன என்பதை. தோட்டப்புறத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது வேறெவரையும்விடப் பொருந்தும். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்து இடைநிலைப்பள்ளிக்குள் நுழைந்ததும் பின் வரிசையில் அமர்ந்த மாணவன், மேப்பிளில் சீன, மலாய், சிங்கப்பூர்ப் பிள்ளைகளுடன் சேர்ந்து கயிற்றில் தொங்கினான்; அவனது மொழி, ஆங்கிலமும் மலாயும் ஹொக்கியன் சொற்களும் கலந்த, யாருக்கும் சொந்தமில்லாத கலவை. நகையுணர்வுக்குரிய செய்தி ஒன்றையும் இங்கே குறிக்கலாம்: தென்கிழக்காசியச் சேவையினர் தம் உலகில் சிங்கப்பூரின் போட் கீயையும், மலேசியாவுக்கென ஒரு பெருநகரையும் கம்போங் கிராமத்தையும் கேளிக்கைப் பூங்காவையும் கட்டினார்கள், ஆனால் நாட்டின் செல்வத்தில் ஒரு பங்கைச் சுமந்த தோட்டத்துக்கு அவ்வுலகின் பெயர் பெற்ற இடங்களுள் இடம் கிட்டவில்லை. அதைக் குறையாக எந்தப் பிள்ளையும் எண்ணியதாகத் தெரியவில்லை. தோட்டத்தை மறந்திருக்கவே அவர்கள் அங்கே போனார்கள்.

இவ்வுலகின் முதுமை ஒரு குறிப்பிட்ட நாளில் தொடங்கியதாகப் பழைய ஆட்டக்காரர்கள் கருதுகின்றனர். கொரியாவில் 2010 ஜூலையில் வெளியாகிப் பின்னர் பிற சேவைகளுக்கும் வந்த 'பிக் பேங்' என்னும் பெரும் புதுப்பிப்பு, நிலை உயர்வுக்குத் தேவையான புள்ளிகளை வெகுவாகக் குறைத்தது. நிலப்பரப்புகளைச் சுருக்கி நேராக்கியது. ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குச் செல்லும் நேரத்தையும் குறைத்தது. நிறுவனத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் இதில் பிழை காண்பது கடினம். ஏழாண்டு பழைய உலகில் புதிதாக நுழைபவர், முன்னே சென்றவர்களை எட்டவே முடியாது என்று கண்டு வெளியேறிவிடுவார். அவரைத் தக்கவைக்கப் பாதையைச் சுருக்கியே ஆக வேண்டும். ஆனால் பாதை சுருங்கியதும், இடைநிலைகளில் தங்கியிருந்தோர் தொகை கரைந்தது. 21க்கும் 30க்கும் இடையே வாரக்கணக்கில் உழன்றவர்கள் இருந்ததால்தான் கெர்னிங் குழுப்பணிக்கு எப்போதும் நால்வர் கிடைத்தனர். அத்தூரத்தைச் சிறிது நேரத்தில் கடக்க முடிந்த பின்னர் அங்கே நிற்பதற்கு எவருக்கும் காரணம் இல்லை. நாளடைவில் உச்ச நிலை 250 ஆகவும் 275 ஆகவும் 300 ஆகவும் ஏறியபோது, ஆட்டக்காரர்கள் எல்லாரும் உலகின் மேல் விளிம்பில் குவிந்தனர். தொடக்க நகரங்கள் அலங்காரமாக எஞ்சின.

முதுமையின் மற்றோர் அடையாளம் பணம். பொருளின் மறைதிறனை மாற்றும் 'கியூப்' என்ற கட்டணப் பொருள், எத்திறன் கிட்டும் என்பதைக் குலுக்கலுக்கு விட்டது. மதிப்புமிக்க திறன்கள் கிட்டும் வாய்ப்பை நெக்ஸான் ஆட்டக்காரர்களுக்கு அறிவிக்காமலே குறைத்ததாகவும், சில சேர்க்கைகள் ஒருபோதும் வராதவாறு அமைத்திருந்ததாகவும் கண்டறிந்த தென்கொரியாவின் நியாய வர்த்தக ஆணையம், 2024 ஜனவரியில் அந்நிறுவனத்துக்குச் சுமார் 1,160 கோடி வோன் அபராதம் விதித்தது. இது கொரியச் சேவை பற்றிய தீர்ப்பு. எனினும் அச்செய்தியைப் படித்த உலகெங்கிலுமுள்ள பழைய ஆட்டக்காரர்களுக்கு, தாங்கள் வெளியேறியது சரியே என்ற உறுதியை அது அளித்தது.

இந்த ஏக்கத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம், ஆட்டக்காரர் ஏங்குவது விளையாட்டுக்காக அன்று, தம் பதின்பருவத்துக்காக என்பது. கேட்டவுடன் தலையாட்டத் தூண்டும் இவ்விளக்கம் அரைகுறையானது. 2013இல் பிளிசார்டு நிறுவனத்தின் மாநாட்டில், வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்டின் பழைய வடிவத்தைத் திரும்பத் தருவீர்களா என்று ஒருவர் கேட்டபோது, அவ்விளையாட்டின் தயாரிப்புப் பொறுப்பில் இருந்த ஜே. ஆலன் பிராக், அது வேண்டும் என்று நீங்கள் எண்ணுகிறீர்கள், உண்மையில் உங்களுக்கு வேண்டாம் என்ற பொருளில் மறுமொழி கூறினார். அதற்குப் பின் அப்பழைய வடிவத்தை அனுமதியின்றி நடத்திய நாஸ்டால்ரியஸ் என்ற சேவை, சட்ட அறிவிப்பின் விளைவாக 2016 ஏப்ரலில் மூடப்பட்டபோது, ஒன்றரை இலட்சம் பேர் அதில் செயற்பட்டு வந்ததாக அதை நடத்தியோர் தெரிவித்தனர். 2017இல் அதே மாநாட்டு மேடையில் பழைய வடிவம் வரும் என்று அறிவித்தவரும் பிராக் அவர்களே. 2019 ஆகஸ்டில் அது வெளியானபோது உள்நுழைவதற்கே மணிக்கணக்கான வரிசை நின்றது. பதின்பருவம் மட்டுமே காரணம் என்றால், பழைய வடிவத்தைத் தொட்டதும் ஏமாற்றமடைந்து எல்லாரும் திரும்பியிருக்க வேண்டும். பலர் தங்கினர். மெதுவான பயணமும், தனித்து முடிக்க இயலாத பணியும், பெயருக்கு மதிப்புள்ள சிறிய மக்கள்தொகையும் வடிவமைப்பால் உண்டானவை. அவற்றை மீண்டும் வடிவமைக்க முடியும். மீண்டும் வடிவமைக்க முடியாதது ஒன்றே: எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வேலையற்றிருந்த பிற்பகல்.

மாற்றைத் தேடியவர்கள் இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்காததால் அடைந்த ஏமாற்றங்கள் பல. நெக்ஸானே முப்பரிமாண உலகாக உருவாக்கிய மேப்பிள்ஸ்டோரி 2, பெயரையும் காளான்களையும் பெற்றிருந்தும், 2018 அக்டோபரில் உலகளவில் வெளியாகி 2020 மே மாதத்தில் அச்சேவை மூடப்பட்டது. திறன்பேசிக்கான மேப்பிள்ஸ்டோரி எம் 2018இல் உலகெங்கும் கிடைத்தது. அதில் பாத்திரம் தானாகவே சண்டையிடும் வசதி இருப்பதால், ஆடுபவர் அங்கு இருக்க வேண்டிய தேவையே குறைந்துவிட்டது. மேப்பிளுக்கு இணையாக மலேசியச் சிசிக்களை ஆண்ட ராக்னராக் ஆன்லைனின் கதை இன்னும் கூர்மையானது. அதை உருவாக்கியவர்களுள் முதன்மையானவரான கிம் ஹாக்கியூ, தாம் நிறுவிய ஐஎம்சி கேம்ஸ் வழியாக ட்ரீ ஆஃப் சேவியர் என்ற விளையாட்டைப் படைத்தபோது, ராக்னராக்கின் உண்மையான வாரிசு வந்துவிட்டதாகவே பழையவர்கள் கொண்டாடினர். 2016இல் அது தென்கிழக்காசிய ஆட்டக்காரர்களையும் எட்டியது. ஓவியமும் இசையும் பணிகளின் பெருக்கமும் எதிர்பார்த்தவாறே அமைந்திருந்தும், தொடக்க ஆர்வத்தின் பெரும்பகுதி நெடுநாள் நீடிக்கவில்லை. படைத்தவரே மீண்டும் படைத்தாலும் படைப்பைச் சூழ்ந்திருந்த கூட்டம் அவருடைய கையில் இல்லை. ஒரு விளையாட்டின் தோற்றத்தைப் பார்த்து மாற்றைத் தேர்ந்தெடுப்போர் அனைவரும் இந்த எடுத்துக்காட்டைக் கருதிப் பார்ப்பது நலம்.

தோற்றத்தை விடுத்து விதிகளைத் தேடியோர் தனியார் சேவையகங்களை அடைந்தனர். மூல நிறுவனத்தின் அனுமதியின்றி, விளையாட்டின் பழைய பதிப்பொன்றை ஆர்வலர்களே நடத்துவது தனியார் சேவையகம் எனப்படும். மேப்பிளுக்கு 2008 அளவில் பரவிய ஒடின்எம்எஸ் என்ற திறந்த மூல நிரலின் வழித்தோன்றல்களாகப் பல சேவையகங்கள் முளைத்தன. பிக் பேங்கிற்கு முந்தைய உலகை அப்படியே காப்பதே அவற்றுட் சிலவற்றின் குறிக்கோள். சட்டம் இதைப் பரிவோடு பார்ப்பதில்லை: யூமேப்பிள் என்ற சேவையகத்தை நடத்தியவருக்கு எதிராக நெக்ஸான் தொடுத்த வழக்கில், 2012இல் அமெரிக்கக் கூட்டரசு நீதிமன்றம், பயனர் ஒருவருக்கு 200 டாலர் என்று கணக்கிட்டுச் சுமார் 36 இலட்சம் டாலர் இழப்பீடு விதித்தது. பத்தாண்டு கடந்து அதே நிறுவனம் வேறொரு வழியைக் கண்டது. ஆட்டக்காரர்களே உலகங்களைக் கட்டிக்கொள்ளும் மேப்பிள்ஸ்டோரி வேர்ல்ட்ஸ் என்ற தன் தளத்தில், ஆர்வலர் குழுவொன்று 2023இல் பிக் பேங்கிற்கு முந்தைய உலகை மேப்பிள்லேண்ட் என்ற பெயரில் மீட்டெடுத்தபோது அதை அனுமதித்தது. கொரியாவில் அது பெருங்கூட்டத்தை ஈர்த்தது. முன்பு வழக்குக்குரியதாக இருந்த ஏக்கம் இப்போது வாடகைக்குரியதாகிவிட்டது என்று சொன்னால் அது முற்றிலும் அநீதியாகாது.

இதற்கிடையில் பாரோயின் சிசித் தலைமுறை உண்மையில் சென்று சேர்ந்த இடம் மொபைல் லெஜண்ட்ஸ். 2016இல் வெளியான இத்திறன்பேசி விளையாட்டில், ஐவர் ஐவராக மோதும் ஓர் ஆட்டம் ஏறத்தாழ கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். வேலை முடிந்து, பிள்ளையைத் தூங்க வைத்து, எஞ்சும் நேரத்துக்குள் அது அடங்குகிறது. பழைய நண்பர்களும் அதில் கிடைக்கின்றனர். ஆனால் ஆட்டம் முடிந்ததும் அரங்கம் கலைந்துவிடுகிறது. நிற்பதற்கோ சும்மா உட்கார்வதற்கோ அங்கே மேடை இல்லை, கப்பலும் இல்லை. கூட்டத்தைக் கொண்டுவந்தவர்கள் இடத்தைக் கொண்டுவரவில்லை.

தோட்டத்தை இழந்த சமூகத்துக்கு இச்சிக்கல் புதிதன்று. விடுதலைக்குப் பின், தோட்டங்களைத் துண்டுகளாக விற்கும் தோட்டத் துண்டாடல் தீவிரமடைந்தபோது, அரசியல் தலைவர் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரின் சிறு பங்குகளைத் திரட்டித் தோட்டங்களையே விலைக்கு வாங்க வழி செய்தார். அது இருந்த இடத்தைக் காக்கும் முயற்சி. காக்க முடியாமற்போன தோட்டங்களின் மக்களோ வேறொரு வழியைப் பின்பற்றினர்: லயம் இடிந்து, பிள்ளைகள் நீலாயிலும் கிள்ளானிலும் சிங்கப்பூரிலும் சிதறிய பின்னும், கோயில் எஞ்சிய இடங்களில் ஆண்டுத் திருவிழாவுக்கு மட்டும் அனைவரும் திரும்பி வருகின்றனர். பழைய வடிவச் சேவையகங்கள் திறக்கப்படும்போது நிகழ்வதும் இத்தகைய திருவிழாவே. முதல் வாரங்களில் கூட்டம் நெரியும், மறந்த பெயர்கள் திரையில் தோன்றும், பின்னர் அவரவர் ஊருக்குத் திரும்புவர். கூட்டம் கலைந்ததைத் தோல்வி என்று எழுதுவோர், திருவிழாவைக் குடியிருப்பு என்று பிழையாகக் கொண்டவர்கள். ஏக்கத்தை ஆராய்ந்த அறிஞர் சுவெட்லானா பாய்ம் 2001இல் வெளியான தம் நூலில், இழந்ததை அப்படியே மீண்டும் கட்டத் துடிக்கும் ஏக்கத்தையும், இழப்பை ஏற்றுக்கொண்டு அதில் தோய்ந்து எண்ணிப் பார்க்கும் ஏக்கத்தையும் வேறுபடுத்தினார். தோட்டத் திருவிழாவுக்கு வருவோர் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கின்றனர்: மீண்டும் லயத்தில் குடியேற எவரும் விரும்புவதில்லை, தீமிதியை மட்டும் எவரும் விடுவதில்லை.

கலையாமல் நிலைத்த ஒரு சேவையும் உண்டு. அதன் காரணமும் தோட்டக் கோயில்களை அறிந்தோருக்கு வியப்பளிக்காது. ரூன்ஸ்கேப் விளையாட்டின் 2007 ஆகஸ்ட் மாதப் பதிவைக் கொண்டு, ஆட்டக்காரர்களின் வாக்கெடுப்புக்குப் பின் 2013 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப், தன் மூல விளையாட்டையே மிஞ்சி வளர்ந்தது. பழமையை உறைய வைத்ததால் அது வளரவில்லை; புதிய நிலங்களும் புதிய அரக்கர்களும் தொடர்ந்து சேர்க்கப்பட்டன. ஆனால் முக்கியமான எந்தச் சேர்க்கையும் ஆட்டக்காரர் வாக்கெடுப்பில் தொடக்கத்தில் 75 விழுக்காடும் பின்னாளில் 70 விழுக்காடும் ஆதரவு பெற்றால்தான் நுழைய முடியும் என்ற விதி இருந்தது. நிருவாகக் குழு உயிர்ப்புடன் உள்ள கோயில் இடம் பெயர்ந்தாலும் பிழைத்திருப்பதையும், குழு உறங்கிய கோயில் அதே இடத்தில் இருந்தும் பூட்டிக் கிடப்பதையும் தோட்டப்புறத்தில் எவரும் காணலாம். பிக் பேங்கின்போது மேப்பிள் ஆட்டக்காரர்களிடம் எவரும் வாக்குக் கேட்கவில்லை; மேப்பிள்லேண்ட் போன்ற மீட்டுருவாக்கங்களும் இறுதியில் நெக்ஸானின் தளத்தின் மீதே நிற்கின்றன.

ஆகவே பாரோயில் ஒரு பழைய குழு மாற்றைத் தேடுமானால், தேடல் இரண்டாகப் பிரிய வேண்டும். குடியிருக்க ஓர் உலகம் வேண்டுவோர், மாற்றங்களை முடிவு செய்வோர் யார் என்பதை முதலில் விசாரித்துவிட்டு ஓல்டு ஸ்கூல் போன்றவற்றை நாடலாம். அங்கே காளான் இராது, காத்திருப்பு இருக்கும். திருவிழா வேண்டுவோருக்குப் பிக் பேங்கிற்கு முந்தைய மேப்பிளே போதும், ஆனால் தேதியைக் குறித்தாக வேண்டும். சனிக்கிழமை இரவு, பிள்ளைகள் உறங்கிய பிறகு, அன்று அண்ணனின் கணினியில் ஒளிந்து ஆடிய தங்கைகளையும் சேர்த்து நால்வர் என்ற கணக்கில் அமர்ந்தால், கெர்னிங் குழுப்பணி சில வாரங்களுக்குத் தாங்கும். பின்னர் யாரேனும் ஒருவர் 31ஆம் நிலையைத் தொட்டுவிடுவார். அதற்கும் அன்றே ஒரு வழி இருந்தது: வளர்ந்த பாத்திரத்தை அப்படியே நிறுத்திவிட்டு, அதே கணக்கில் வேறொரு புதிய பாத்திரத்தைத் தொடங்கி, நத்தையிலிருந்து மீண்டும் 21க்கு ஏறி வருவது.